விடியுமுன் மூட்டாத நெருப்பு

எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் இருக்கிறது ஊர். மார்கழியில் மிஞ்சிப் போனால் ஒரு போர்வையும் தலைக்கு ஒரு துண்டும் கேட்கும், அவ்வளவுதான். ஆடு மாடு அதைத் தாங்கும். கைக்குழந்தை தாங்கும். பொழுது விடிவதற்குள் களை எடுக்க இறங்கும் கிழவிகள் வெற்றிலை போட்டுக்கொண்டே தாங்குவார்கள். தாங்காத ஒரே ஜீவன் எங்கள் வீட்டு டிராக்டர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா அதை வாங்கினார். அதற்கு முன்னால் இரண்டு பேர் அதை ஓட்டிச் சலித்திருந்தார்கள். விற்றவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாராம். வண்டியைப் பிரிகிற வருத்தம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். விட்டது சனி என்கிற சந்தோஷத்தில் வந்த கண்ணீர் அது என்பது முதல் மார்கழியிலேயே வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அவர் ஒருவரைத் தவிர. அவருக்கு அது ராஜ வாகனம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து நின்றதும் இன்ஜின் மேல் இரண்டு சாக்கைப் போட்டு, அதற்கு மேல் நல்ல கம்பளி ஒன்றையும் போர்த்துவார். அந்த வண்டியை ஓட்டுகிற மனிதர் விடியற்காலை பனியில் ஒற்றைத் துண்டோடு வந்து நிற்பார். அவருக்கு ஒரு கம்பளி கொடுக்கலாம் என்று அப்பாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நானும் கொடுத்ததில்லை.

நாங்கள் சமணர்கள். ஊரில் அப்பாவை நயினார் என்பார்கள். இருட்டிய பிறகு சாப்பிட மாட்டோம், தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். இவை போக எங்கள் வீட்டில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. சூரியன் கிளம்புவதற்கு முன்னால் நெருப்பு மூட்டக்கூடாது. இருட்டில் மூட்டினால் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வந்து விழுந்து சாகும். அம்மா அதை மனதார நம்பினாள். எவ்வளவு குளிரானாலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் விறகை ஒவ்வொன்றாகத் தட்டி எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். அம்மாவின் விரதத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் குறைவாகச் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது அப்பாவின் விரதத்தைப் பற்றி.

அந்த டிராக்டர் மார்கழி, தை இரண்டு மாதமும் நெருப்பைக் காட்டாமல் கிளம்பாது. இரும்புக் கம்பியின் நுனியில் பழைய சாக்குத் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்து, கொளுத்தி, இன்ஜின் காற்று இழுக்கிற குழாயின் வாயருகே பிடிக்க வேண்டும். சூடான காற்று உள்ளே போனால் நாலாவது ஐந்தாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்துவிடும். டிரைவர் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை எட்டிப் போட்டு செல்ப் பட்டனை அழுத்துவார். வைக்கோல் போருக்குப் பின்னால், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு இது நடக்கும். யாரையும் அவர் கேட்டதில்லை. வேலை எங்களுடையது, வண்டி எங்களுடையது, ஆறு மணிக்கு வண்டி கொல்லை நிலத்தில் இருக்க வேண்டும் என்கிற உத்தரவும் எங்களுடையது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

நான் அப்போது திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு, எங்கிருந்தாவது ஒரு மாப்பிள்ளை வருவான் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். படித்ததை யாரிடமாவது கொட்ட வேண்டுமே. டீசல் இன்ஜினில் காற்று அழுந்திச் சூடாவது எப்படி, தேய்ந்த இன்ஜினில் அந்தச் சூடு ஏன் போதாமல் போகிறது, வெளியிலிருந்து சூடு கொடுத்தால் ஏன் பற்றிக்கொள்கிறது என்றெல்லாம் ஒருநாள் டிரைவருக்கு விளக்கினேன். “அப்டிங்களா சின்னம்மா” என்று கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாலைந்து வருஷமாகக் கையைச் சுட்டுக்கொண்டு அதையே செய்துவந்தவருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அப்பாவுக்கு இந்த நெருப்பு தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு அவர் நிறையப் பாடுபட்டார். விடியற்காலையில் எழுந்து, குளித்து, உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் உட்காருவார். இன்ஜின் சத்தம் கேட்டதும் ஜெபம் முடியும். பத்து நிமிஷத்தில் இன்ஜின் பிடித்தால் பத்து நிமிஷ ஜெபம். முக்கால் மணி இழுத்தடித்தால் முக்கால் மணி ஜெபம். அவருடைய பக்தி முழுவதும் அந்த இன்ஜின் கையில் இருந்தது. வெளியே வந்து, காற்றுக் குழாயின் வாயில் அப்பியிருக்கும் கரியை விரலால் தொட்டுப் பார்த்து, “புகை ஜாஸ்தியா வுடுதே, திண்டிவனத்துல மெக்கானிக்காண்ட காட்டணும்” என்பார். டிரைவர் ஆமாம் என்பார். சாக்குத் துணி கருகிய நாற்றம் வீடெல்லாம் நிறைந்திருக்கும். அப்பாவுக்கு மட்டும் இரண்டு மாதமும் மூக்கடைப்பு.

டிரைவர் காலனியிலிருந்து வருகிறவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எண்பத்தைந்தா எண்பத்தாறா என்று நினைவில்லை, அந்த வருஷம் முதன்முறையாக அரைக் காணி மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட வேண்டும் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் பெரிய ஆசை. அறுவடைக்குப் போன இடங்களில் கூலியாகக் கிடைத்த மல்லாட்டையில் நல்லதாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார்கள். விதை மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும், தோல் கீறினால் முளைக்காது. பத்து நாளாக அந்தப் பெண் நகம் தேய உடைத்திருந்தாள். உடைத்த விதையை அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது, வண்டு விழுந்துவிடும்.

நிலத்தில் கிணறு இல்லை. பக்கத்துக் கிணற்றுக்காரர் தண்ணீர் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய விதைப்பு முடிந்து, தை மாதக் கடைசியில்தான் தருவார். அதனால் விதை முளைக்க மழையைத்தான் நம்ப வேண்டும். அந்த மழையும் மார்கழிக் கடைசியில் எதிர்பாராமல் ஒரு ராத்திரி வந்து கொட்டியது. முதல் இரண்டு நாள் சேறு, கால் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் உழுது விதைத்துவிட வேண்டும். அதையும் விட்டால் வாடைக்காற்று மேல் மண்ணை உலர்த்திவிடும், விதை மண்ணுக்குள் சும்மா கிடந்து கெட்டுப்போகும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் அப்பாவிடம் வந்து நின்றார். டிராக்டர் ஒரு உழவு போட்டுக் கொடுத்தால் போதும், பின்னாலேயே மச்சானுடைய மாட்டை வைத்துச் சால் பிடித்து விதைத்துவிடலாம் என்றார். டீசலை அவரே திண்டிவனம் போய் சைக்கிளில் கேனோடு வாங்கி வந்திருந்தார்.

“அதுக்கின்னாப்பா, நம்ம வண்டிதான, எடுத்துக்கினு போ” என்றார் அப்பா. “விடியக்காலைல ஓட்டிட்டு வந்துடு. ஏழு மணிக்கு மேட்டுக் கொல்லைல வண்டி நிக்கணும்.”

எங்கள் மேட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது. அதை நாளைக்கு உழலாம், அடுத்த மாதமும் உழலாம். அதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா தன் தாராள மனதைப் பற்றிப் பேசி ஓய்ந்தார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். டிரைவர், இடுப்பில் விதைக் கூடையோடு அவர் மனைவி, விதை போட இன்னும் இரண்டு பெண்கள். மச்சான் மாடுகளோடு நிலத்தில் காத்திருந்தார். பனி என்றால் அன்றைக்குப் பனி. வைக்கோல் போரே தெரியவில்லை. நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வழக்கத்துக்கு மாறாக அப்பாவும் ஜெபத்துக்குப் போகாமல் வெளியே வந்து நின்றார். எதற்கு? நன்றியை நேரில் வாங்கிக்கொள்ளத்தான்.

அந்த இடத்தில் டிரைவர் ஒரு தப்பு செய்தார். கேட்டார். மற்ற நாளில் எங்கள் வேலைக்காகக் கொளுத்தினார், அதனால் கேட்கவில்லை. இன்றைக்குத் தன் வேலைக்காக இன்னொருவர் இடத்தில் நெருப்பு மூட்டுகிறோமே, ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார். அந்த மரியாதைதான் அவருக்கு வினையாக முடிந்தது.

“நயினாரே, குளுருக்கு வண்டி எடுக்காதுங்க. கொஞ்சம் துணி கொளுத்திக்கட்டுங்களா?”

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை போல நின்றார்.

“கொளுத்தறதா? இங்கயா?”

“ஆமாங்க. எப்பயும் போலத்தான்...”

“ஏம்பா, இத்தினி வருசமா நம்ம ஊட்ல இருந்துக்கினு இதுகூடவா தெரியாது? பொழுது கெளம்பறதுக்கு முன்னாடி நம்ம எடத்துல நெருப்பு மூட்டற பழக்கமே கெடையாது. பூச்சி பொட்டு வந்து வுழும். அந்தப் பாவத்த யாரு சொமக்கறது?”

மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்டாகிவிட்டது. இனிமேல் அப்பாவால் தெரியாதவர் மாதிரி இருக்க முடியாது. தெரிந்தவராகிவிட்டால் உடனே தர்மவானாகிவிட வேண்டியதுதானே. டிரைவர் வண்டியைப் பார்த்தார். காற்றுக் குழாயின் வாயில் நேற்றைய கரி, முந்தாநாள் கரி, ஒரு மாதக் கரி அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பேசியிருக்கலாம். “நேத்து யார் கொளுத்தினது? முந்தாநாள் யார் கொளுத்தினது? அப்ப செத்த பூச்சிங்க யார் கணக்குல?” என்று மூன்றே கேள்விகள். மூன்றும் தொண்டை வரை வந்தன. வாயில் கொழுக்கட்டை. வாளியைப் பிடித்துக்கொண்டு, தெளித்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளித்தேன். அப்பாவுக்குப் பயந்தேனா என்று கேட்டால் பயம்கூட இல்லை. அவர் அடிக்கிறவர் இல்லை. வெளியாள் முன்னால், அதுவும் காலனி ஆள் முன்னால், அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. பௌதிகம் படித்தும் அது எழுந்து போகவில்லை.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு டிரைவர் செல்ப் அழுத்தினார். வண்டி முனகியது. திரும்ப அழுத்தினார், திரும்ப முனகியது. கால் மணி நேரத்தில் பேட்டரி செத்தது. அப்புறம் தள்ளினார்கள். டிரைவர் மேலே உட்கார, மூன்று பெண்களும் விதைக் கூடையைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். களத்துக்கு இந்தக் கோடி, அந்தக் கோடி என்று நாலு தடவை. சக்கரம் உருண்டதே தவிர இன்ஜின் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஓரமாக நின்று, “ஜல்தி தள்ளுங்க, வேகம் பத்தல” என்று யோசனை சொன்னார்.

ஆறரை மணிக்கெல்லாம் நன்றாக வெளுத்துவிட்டது. பனி மட்டும் விலகவில்லை. டிரைவரின் மனைவி மெல்ல முன்னால் வந்தாள்.

“பொழுது விடிஞ்சிடிச்சிங்களே நயினாரே, இப்ப கொளுத்தலாங்களா?”

அப்பா கிழக்கே பார்த்தார். வெள்ளையாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

“எங்கம்மா சூரியன்? வெளிச்சம் வேற, சூரியன் வேற.”

ஏழு மணி ஆயிற்று. பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்ப்பது போல அப்பா கிழக்கைப் பார்த்தபடி நின்றார். ஏழேகாலும் ஆயிற்று. வாடைக்காற்று லேசாக எழுந்தது. அந்தப் பெண் சேலைத் தலைப்பால் விதைக் கூடையை மூடிக்கொண்டு குந்திவிட்டாள். காற்று கன்னத்தில் பட்டபோது அவள் நிமிர்ந்து தன் புருஷனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்தக் காற்று அவர்கள் நிலத்திலும் வீசிக்கொண்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

ஏழே முக்காலுக்குப் பனைமரங்களுக்கு மேலே வெளிறிப்போன சூரியன் தெரிந்தது. அப்பா கும்பிட்டுவிட்டு, “இப்ப கொளுத்திக்கோ” என்றார். துணி எரிந்தது, பெண்கள் தள்ளினார்கள், வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. மணி எட்டைத் தாண்டியிருந்தது.

“லேட்டாயிடிச்சேப்பா” என்றார் அப்பா. “பேட்டரிய வேற காலி பண்ணிட்ட. ஏழு மணிக்கின்னுதான பேச்சு? மேட்டுக் கொல்லைக்கு ஓட்டு. உன் கொல்லைய நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நாளைக்கு என்பது அந்த நிலத்துக்கு இல்லை. அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் அது தெரியும். டிரைவர் எங்கள் கொல்லைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மச்சானுடைய மாடுகள் இரண்டும் கிழம். டிராக்டர் உழாத இறுகிய மண்ணில் அவற்றை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை முட்டி மோதி, பாதி நிலத்தைத்தான் விதைத்தார்கள். மீதியில் மேல் மண் வெளுத்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் அப்பா ஜெபத்துக்கு உட்கார்ந்தார். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. இன்ஜின் சத்தமே இல்லை. ஜெபம் நீண்டுகொண்டே போனது. உள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது, பிறகு இன்னொன்று. ஆறே காலுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது.

“போயி இன்னானு பாரு” என்றார் என்னிடம்.

டிரைவர் வண்டியின் மேல் துண்டைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டிரைவரே, வண்டி எடுக்கலியா?”

“பொழுது கெளம்பட்டும் சின்னம்மா.”

அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. போய் அப்படியே சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஏற்பட்ட குதூகலத்தை மறைக்க முடியவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவளுக்குக் குதூகலம் ஒரு கேடு.

அப்பா வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“நேரமாவுதேப்பா.”

“பூச்சி பொட்டு வுழும்ங்களே நயினாரே” என்றார் டிரைவர்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவரை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். இரண்டு நிமிஷம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

“அது ஊட்டுக்குத்தாம்பா. மோட்டார் கொட்டாயாண்ட தள்ளிக்கினு போயி கொளுத்திக்கோ. அது ஊடு இல்லியே.”

மோட்டார் கொட்டகை எங்கள் களத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இருக்கிற பூச்சிகளுக்கு உயிர் கிடையாது போலிருக்கிறது. நேற்றும் அந்தக் கொட்டகை அங்கேயேதான் இருந்தது. நாலு ஆளைக் கூப்பிட்டுத் தள்ள வைத்தார். அன்று முதல் வண்டி அங்கேயே நின்றது. அடுத்த முறை மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போனபோது, விரதம் கெடக்கூடாது என்பதற்காகவே டிராக்டரை வீட்டை விட்டு வெளியே நிறுத்திவிட்டதாக அப்பா அங்கே நாலு பேரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் பாராட்டினார்கள்.

எட்டுப் பத்து நாள் கழித்து டிரைவர் பின்வாசலுக்கு ஒரு சின்ன பையோடு வந்தார். உள்ளே உடைத்த மல்லாட்டை. ஒன்றில்கூட தோல் கீறவில்லை.

“வெச்சிருந்தா வண்டு வுழுந்துடும்ங்க. பசங்க துன்னது போவ மிச்சம். வறுத்து சாப்டுங்க சின்னம்மா.”

பச்சையாகக் கொடுத்ததால் வாங்கிக்கொண்டோம். அவர்கள் வீட்டில் வறுத்துக் கொண்டு வந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மணலைக் காயவைத்து நான்தான் வறுத்தேன். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டாகப் பிளந்து, உள்ளே புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்ல ருசியா இருக்குதே, எந்தக் கொல்லைது?”

“டிரைவர் குடுத்தாரு. விதைக்கு வெச்சிருந்ததாம்” என்றேன்.

அவர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம், “அதான் பருப்பு நல்லாத் தெரட்சியா இருக்குது” என்று அடுத்ததைப் பிளந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன்.